பின் தோள் தசை வலுப்பெறத் தூக்கும் எடையைக் குறையுங்கள்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 33 வயது. பெரம்பூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பெரும்பாலும் பைக்கில்தான் போய்வருவேன். இரண்டு வருடமாக ஜிம்முக்குப் போகிறேன், பெஞ்ச் பிரஸ் 80 கிலோ போடுவேன். மூன்று மாதமாக வலது தோளின் முன்பக்கம் வலி. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்கும்போதும், மழை நாளில் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதும் சுருக்கென்கிறது. தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். டிரெய்னர் "ரியர் டெல்ட் வீக்", அதாவது பின் தோள் தசை பலவீனம் என்று சொல்லி, குனிந்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கும் ரிவர்ஸ் ஃப்ளையை 10 கிலோ டம்பெல்லில் கொடுத்தார். செய்தால் மறுநாள் கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது, பின் தோளில் ஒன்றுமே தெரியவில்லை. தாத்தாவின் கர்லாக்கட்டை வீட்டில் இருக்கிறது, அதைச் சுற்றலாமா? அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. அவருக்கும் இடது தோளில் வலி, கை மேலே போகவில்லை. அவரும் இதே பயிற்சிகளைச் செய்யலாமா?
– பெயர் வேண்டாமே, பெரம்பூர்

பதில்: கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்: அந்த 10 கிலோ டம்பெல்லை ரேக்கில் வைத்துவிட்டு 2 கிலோவை எடுங்கள். பின் தோள் தசை சின்னது. கையை நீட்டிப் பக்கவாட்டில் தூக்கும்போது 10 கிலோ அதன் சக்திக்கு மீறிய சுமை. அதனால் முடியாத வேலையை, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் மேல் டிரபீசியஸ் தசை தன் தலையில் போட்டுக்கொள்கிறது. தோள் காதை நோக்கி ஏறும், இடுப்பு ஆடும், டம்பெல் எப்படியோ மேலே போய்விடும். கண்ணாடியில் பார்த்தால் பயிற்சி நடந்த மாதிரிதான் தெரியும். உண்மையில் யார் வேலை செய்தது என்பதை மறுநாள் பிடித்துக்கொள்ளும் கழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

டெல்டாய்டு என்று ஜிம்மில் சொல்லும் தோள் தசைக்கு மூன்று பாகம். முன்பாகம் காரை எலும்பிலிருந்தும், நடுப்பாகம் தோளின் நுனியிலிருந்தும், பின்பாகம் தோள்பட்டை எலும்பின் பின்னால் குறுக்கே ஓடும் முகட்டிலிருந்தும் புறப்படுகின்றன. மூன்றும் மேல்கை எலும்பின் வெளிப்பக்கம் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், தண்டால் என்று தள்ளுகிற பயிற்சி எதைச் செய்தாலும் முன்பாகத்துக்கு வேலை கிடைத்துவிடும். பின்பாகத்தின் வேலை வேறு. கையைப் பின்னுக்கு இழுப்பது, பக்கவாட்டில் விரிப்பது, வெளிப்பக்கம் திருப்புவது ஆகியவை அதன் பொறுப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டர், பைக் ஹேண்டில், கையில் போன் என்று நாள் முழுக்க நம் கை முன்னால்தான் இருக்கிறது. பின்பாகத்துக்கு நாமாக வேலை கொடுத்தால்தான் உண்டு.

உங்கள் டிரெய்னர் சொல்லாமல் விட்ட இன்னொரு கூட்டணியும் இருக்கிறது. பின் தோளுக்கு அடியில், தோள்பட்டை எலும்பை ஒட்டி, இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர் என்று இரண்டு தசைகள் உண்டு. ரொட்டேட்டர் கஃப் என்று சொல்லும் நான்கு தசைகளில் இவை இரண்டு. தோள் மூட்டின் குழி ஆழமே இல்லாதது. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையில் பெரும்பகுதி எப்போதும் குழிக்கு வெளியேதான் நிற்கிறது. பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துவது போல, இந்த நான்கு தசைகளும் இழுத்துப் பிடிப்பதால்தான் அந்தத் தலை குழியின் நடுவில் நிலைக்கிறது. இரண்டு வருடம் முன்பக்கத்தை மட்டும் வளர்த்துவிட்டு, பின்பக்கம் வெளியே தெரியாது என்று விட்டுவிட்டால், பிரஸ் எடை ஏற ஏறப் பின்பக்கத்து இந்தச் சின்னத் தசைகள் திணற ஆரம்பிக்கும். உங்கள் வலி அந்த வகையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. தோளைத் தொட்டுப் பார்க்காமல் அதற்குமேல் உறுதியாகச் சொல்வது சரியல்ல.

தோள் முன்னால் வளைந்திருப்பதைப் பற்றி வீட்டில் சொல்வதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். வளைந்த தோளோடு வலியே இல்லாமல் இருப்பவர்கள் ஏராளம், நிமிர்ந்து நின்றும் வலியோடு அலைபவர்களும் ஏராளம். நிற்கும் விதத்தை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விறைப்பாக நடக்கவும் வேண்டாம், முதுகில் மாட்டும் பெல்ட்டும் வாங்க வேண்டாம். தசைக்கு வலு வந்தால் தோள் தன்னால் கொஞ்சம் பின்னுக்கு வரும். வராவிட்டாலும் வலி போனால் போதும்.

இப்போது செய்யவேண்டியதற்கு வருவோம். டம்பெல்லைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று உங்கள் விரலுக்குத் தெரியவேண்டும். இடது கையை முன்பக்கமாகக் கொண்டுபோய் வலது தோளின் பின்பக்கம் வையுங்கள். எலும்பு முகடு ஒன்று தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கமாக நகர்ந்தால், தோளின் பின் மூலையில் எலும்பு முடிந்து சதை ஆரம்பிக்கும். அங்கே மூன்று விரலை அழுத்தி வையுங்கள். சுவருக்கு முதுகைக் காட்டி அரை அடி தள்ளி நின்று, வலது முழங்கையை மடக்கி, உடம்பிலிருந்து ஒரு ஜாண் விலக்கி, முழங்கையால் சுவரைப் பின்னோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். விரலுக்கு அடியில் சதை கல்லாக இறுகும். அதுதான் நீங்கள் தேடுவது. அதே சமயம் கழுத்துப் பக்கம் இறுகாமல் தொளதொளவென்று இருக்கவேண்டும். கழுத்தும் சேர்ந்து இறுகினால் பாதி பலத்தில் தள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் இதுவே உங்கள் பயிற்சி. 30 விநாடி தள்ளிப் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. தினமும் செய்யலாம். தோள் அசையாமல் தசை மட்டும் வேலை செய்வதால், வலியுள்ள பலருக்கு இதிலேயே கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். கூடவே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துச் செய்யும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடது பக்கமாகப் படுத்து, ஒரு துண்டைச் சுருட்டி வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வையுங்கள். முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்கட்டும். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது அரைக் கிலோ. துண்டு நழுவாமல் முன்கையை மட்டும் கூரையை நோக்கித் திருப்பி, மூன்று விநாடி எடுத்துக்கொண்டு இறக்குங்கள். 15 முறை, மூன்று செட். 80 கிலோ பிரஸ் போடுகிறவருக்கு அரைக் கிலோ பாட்டில் அவமானமாகத் தோன்றும். பத்தாவது முறைக்கு மேல் தோளின் பின்னால் சூடு ஏறும்போது அந்த எண்ணம் போய்விடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ரிவர்ஸ் ஃப்ளைக்குத் திரும்பலாம், ஆனால் நின்றுகொண்டு குனிந்து செய்யவேண்டாம். பெஞ்சை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, அதில் நெஞ்சை வைத்துக் குப்புறப் படுங்கள். இப்போது இடுப்பால் ஆட்டித் தூக்கும் வழி அடைபட்டுவிடும். 2 கிலோ டம்பெல், கட்டைவிரல் முன்னோக்கி அல்லது சற்று மேல்நோக்கி, முழங்கை லேசாக மடங்கி. கையை மேலே தூக்குகிறோம் என்று நினைக்காமல், இரண்டு பக்கச் சுவரையும் தொடப்போகிறோம் என்று நினைத்து வெளியே விரியுங்கள். கை தோள் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி ஒரு விநாடி பிடியுங்கள், அதற்குமேல் போகவேண்டாம். தோள்பட்டை எலும்புகளை முதலிலேயே நெருக்கி இறுக்கிக்கொள்ளச் சொல்லும் ஆலோசனை ஜிம்களில் சகஜம். அப்படிச் செய்தால் வேலையின் பெரும்பங்கு முதுகின் நடுவில் இருக்கும் ராம்பாய்டுக்கும் நடு டிரபீசியஸுக்கும் போய்விடும். அவையும் வேண்டியவைதான், அவற்றுக்குத் தனியாக, துடுப்புப் போடுவது போல எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங் இருக்கிறது. இங்கே அந்த எலும்புகள் தன்னால் எவ்வளவு நகர்கின்றனவோ அவ்வளவு போதும். 12 முதல் 15 முறை, மூன்று செட், வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. மூன்று செட்டிலும் 15 முறை சுத்தமாக வந்த பிறகுதான் 3 கிலோ. பின் தோளுக்கு 5 கிலோவைச் சுத்தமாகச் செய்கிறவரே நல்ல வலுவுள்ளவர் என்பது என் எண்ணம்.

இதோடு ஃபேஸ் புல். ஜிம்மில் கேபிள் இருந்தால் கயிற்றை முக உயரத்தில் மாட்டி, நெற்றியை நோக்கி இழுத்து, கடைசியில் இரண்டு முஷ்டியும் காதுக்குப் பின்னால் போகிற மாதிரி வெளியே திருப்புங்கள். பின் டெல்டாய்டும் ரொட்டேட்டர் கஃப் பின்தசைகளும் ஒரே அசைவில் வேலை செய்வதால் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. உங்களுக்கு இப்போது வலி இருப்பதால் முழங்கை தோளைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும். ஜிம்முக்குப் போகமுடியாத நாளில் வீட்டு ஜன்னல் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் கட்டிச் செய்யலாம். பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும், உங்களுக்குத் தூரமில்லை. செலவு செய்ய மனமில்லையென்றால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் கேட்டு வாங்குங்கள். வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ட்யூபை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெடிப்பு இருந்தாலும் வேண்டாம், அறுந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும்.

ரோயிங் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். முழங்கையை விலாவை ஒட்டி இழுத்தால் வேலை லேட்ஸ் என்னும் முதுகின் பக்கவாட்டுப் பெரிய தசைக்குப் போகும். முழங்கையை உடம்பிலிருந்து 60 டிகிரிக்கு மேல் விலக்கி இழுத்தால் பின் தோளுக்குப் போகும். வாரத்தில் இரண்டு விதத்தையும் செய்யுங்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸை விட்டுவிடச் சொல்லிவிடுவேனோ என்று நீங்கள் பயந்திருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 80 கிலோவை 50க்கு இறக்கி, முழங்கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விரிக்காமல் உடம்போடு 45 டிகிரியில் வைத்துச் செய்து பாருங்கள். அதிலும் வலித்தால் பாரை விட்டுவிட்டு டம்பெல்லை உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பிடித்து, தரையில் படுத்துச் செய்யுங்கள். முழங்கை தரையைத் தொட்டு நின்றுவிடுவதால் தோள் அதற்குமேல் பின்னுக்கு இழுபடாது. கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், கழுத்துக்குப் பின்னால் இழுக்கும் புல்டவுன், அப்ரைட் ரோ, டிப்ஸ் நான்கையும் வலி போகும்வரை நிறுத்துங்கள். தள்ளுகிற பயிற்சி ஒரு செட் என்றால் இழுக்கிற பயிற்சி குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துப் பாக்கியை அடைக்கவேண்டியிருக்கிறது.

வலியோடு பயிற்சி செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்துக்கு மூன்று வரை வலி வந்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் தொடரலாம். மறுநாளும் அதிகமாகவே இருந்தால் எடையையோ செட்டையோ பாதியாக்குங்கள், பயிற்சியை அடியோடு நிறுத்தவேண்டாம். பலம் கூடுவது ஆறு வாரத்தில் தெரியும். சட்டைக்கு வெளியே சதை தெரிய மாதக்கணக்கில் ஆகும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஐசிஎம்ஆர் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், எடைப் பயிற்சி செய்கிறவருக்கு அதைவிடக் கூடுதலாக 1.2 முதல் 1.6 கிராம் வரை பொதுவாகச் சொல்வார்கள். முட்டை, மீன், கோழி, சுண்டல், பருப்பு, தயிர் என்று மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிட்டாலே பெரும்பாலும் எட்டிவிடும்.

தாத்தாவின் கர்லாக்கட்டையைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குச் சந்தோஷப்பட்டேன். வடசென்னையில் மல்யுத்தமும் சிலம்பமும் குத்துச்சண்டையும் வளர்ந்த தெருக்களில் தோளுக்கு அதுதான் ஜிம்மாக இருந்தது. கட்டை தலையைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் போய்த் திரும்பும்போது, அதன் வேகத்தை அடக்கி மறுபடி முன்னால் கொண்டுவரத் தோளைச் சுற்றியுள்ள எல்லாத் தசைகளும் பாடுபடவேண்டும். டம்பெல்லில் இந்த அனுபவம் கிடைக்காது. ஆனால் அந்த அசைவுக்குக் கை முழுசாக மேலே போய், வலியில்லாமல் பின்னால் மடங்கவேண்டும். உங்களுக்கு இப்போது பஸ் கம்பியைப் பிடித்தாலே வலிக்கிறது. பஸ் கம்பியை வலியில்லாமல் பிடிக்க முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். அப்போதும் தாத்தாவின் கட்டையை எடுத்தவுடன் சுற்றாதீர்கள், பழக்கப்பட்ட பெரியவர்களின் கட்டை புதியவர்களுக்குப் பெரும்பாலும் அதிகக் கனம். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவில் சின்னதாக ஒன்று வாங்கி, தெரிந்த ஆசானிடம் இரண்டு சுற்று முறையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கை வியர்த்தால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். சென்னை வெயிலில் கை வழுக்கும், பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி அப்படியே இருந்தால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ நேரில் பாருங்கள். எடுத்தவுடன் எம்ஆர்ஐ எடுக்க ஓடவேண்டாம். வலியே இல்லாதவர்களின் தோளிலும் வயது ஏற ஏறத் தசைநாரில் கிழிசல் தெரிவது சகஜம், அந்த ரிப்போர்ட் உங்களை வீணாகப் பயமுறுத்தும். ஆனால் சில அறிகுறிகளுக்கு ஆறு வாரம் காத்திருக்கக்கூடாது. கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போவது, கை விரல்வரை மரத்துப்போவது, ராத்திரி தூங்கவிடாத வலி, காய்ச்சலோடு மூட்டு வீங்குவது ஆகியவை இருந்தால் உடனே காட்டுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு உங்கள் பயிற்சி எதையும் கொடுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர், 58 வயது, கை மேலே போகவில்லை என்று மூன்றும் சேரும்போது எனக்கு ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போகும் நோய் என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். அம்மாவை உட்காரவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கச் சொல்லி, அவர் மணிக்கட்டைப் பிடித்து நீங்கள் மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். வலது கையில் எவ்வளவு போகிறது, இடது கையில் எவ்வளவு போகிறது என்று ஒப்பிடுங்கள். நீங்கள் உதவி செய்தும் இடது கை பாதியிலேயே நின்றுவிட்டால், அது வெறும் பலக்குறைவு இல்லை, மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கலாம். அங்கே எடைப் பயிற்சி கொடுத்தால் வலிதான் கூடும். பலவந்தமாகத் திருப்பிவிடாதீர்கள். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கையை முறுக்குவதற்கும், கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதற்கும் விடாதீர்கள். அசையாமல் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

வலது கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு மெதுவாக வட்டம் சுற்றச் சொல்லுங்கள். படுத்தபடி இரண்டு கையாலும் ஒரு குடைக் கம்பைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி இடது முன்கையை வலி பொறுக்கிற அளவுக்கு வெளியே திருப்பட்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம், வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோல் மரத்திருக்கலாம் என்பதால் ஒத்தடத்தின் சூட்டை முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். இது குணமாக ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதங்கள் போகப் போக மனம் தளர்ந்து நடுவில் விடுகிறவர்கள் அதிகம்.

இடது தோள் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ அந்த வலி வந்து உட்கார்ந்ததும் குறைந்தால், அதற்குத் தோளோடு சம்பந்தம் இல்லாமல் போகலாம். தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். மார்பு இறுக்கம், மூச்சு வாங்குவது, சில்லென்று வியர்ப்பது கூடவே வந்தால் 108-க்கு அழைத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமலும் வரும்.

மற்றபடி இந்த வாரமே அவரை ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனி அரசு மருத்துவமனை இருக்கிறது. எக்ஸ்ரேயும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் அங்கே எடுக்கச் சொல்வார்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் அதற்காகப் பயப்படவேண்டாம், ஆரம்ப கட்டத்தில் வலி குறைய அது உதவும். ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அதனால் அம்மா சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போய், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.